வைட்டமின் ஏ குறைவு என்று ரிப்போர்ட் வந்தால் சொட்டு மருந்து வாங்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 3 வயது. கேரட், முருங்கைக்கீரை நன்றாகச் சாப்பிடுவான். போன மாதம் அங்கன்வாடியில் வைட்டமின் ஏ திரவமும் கொடுத்தார்கள். வயிற்றுப்போக்கும் காய்ச்சலுமாக இருந்தபோது எடுத்த ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் ஏ குறைவு என்று வந்திருக்கிறது. தெரிந்தவர் ஒருவர், எதிர்ப்பு சக்திக்கு என்று தினமும் கொடுக்க ஒரு சொட்டு மருந்து தருகிறார். வாங்கலாமா?

வேண்டாம் அம்மா. முதலில் அந்த ரிப்போர்ட்டை ஓரமாக வையுங்கள். உடம்பில் தொற்று இருக்கும்போது, வைட்டமின் ஏ-வை ரத்தத்தில் சுமந்து செல்லும் புரதம் குறைந்துவிடும். கல்லீரலில் இருப்பு போதுமானதாக இருந்தாலும் ரத்தத்தில் அளவு இறங்கித்தான் தெரியும். காய்ச்சல் அடிக்கிற குழந்தைக்கு இந்தப் பரிசோதனையை பேக்கேஜில் சேர்த்து விற்பதே தவறு. அதைக் கேட்க ஆளில்லை என்பதுதான் எரிச்சலாக இருக்கிறது.

கீரையிலும் கேரட்டிலும் இருப்பது பீட்டா கரோட்டின். சிறுகுடல் செல்களில் உள்ள ஒரு நொதிதான் அதை வெட்டி வைட்டமின் ஏ-வாக மாற்றுகிறது. இருப்பு போதுமானதாக இருந்தால், வைட்டமின் ஏ-விலிருந்து உண்டாகும் ரெட்டினாயிக் அமிலம் அந்தச் செல்லுக்குள் ஐஎஸ்எக்ஸ் என்ற புரதத்தைக் கூட்டும். அந்தப் புரதம் நொதியையும் குறைக்கும், கரோட்டினை உள்ளே இழுக்கும் வழியையும் குறைக்கும். இருப்பு இறங்கினால் மடை மறுபடி திறக்கும். அதனால் கீரை மிஞ்சினால் உள்ளங்கை மஞ்சளாகலாம், அவ்வளவுதான். சொட்டு மருந்துகளில் பெரும்பாலும் இருப்பது ஏற்கெனவே மாற்றப்பட்ட வைட்டமின் ஏ. அதற்கு இந்த மடை கிடையாது. நேராகக் கல்லீரலில் போய்ச் சேரும்.

எதிர்ப்பு சக்தி என்று சொல்லி விற்பவர்களிடம் ஒன்று கேளுங்கள்: ஒரு சொட்டில் எத்தனை யூனிட்? 1 முதல் 3 வயது வரை, இப்படி மாற்றப்பட்ட வைட்டமின் ஏ-வுக்குத் தினசரி உச்சவரம்பு 600 மைக்ரோகிராம், அதாவது சுமார் 2,000 யூனிட். பதில் சொல்லத் தெரியாதவரிடம் மருந்து வாங்காதீர்கள். ரெட்டினாயிக் அமிலம் எதிர்ப்புச் செல்களைக் குடலுக்கு வழிகாட்டுவது உண்மைதான். ஆனால் குடலில் வாழும் பாக்டீரியாக்களே அதைத் தயாரிக்கும் இன்னொரு நொதியை அடக்கி வைப்பதை 2018-இல் எலிகளில் கண்டார்கள். கூடக் கூட நல்லது என்ற கணக்கு அங்கே செல்லாது.

அங்கன்வாடியில் கொடுத்தது 2 லட்சம் யூனிட். அது கல்லீரலில் சேர்ந்து மாதக்கணக்கில் செலவாகும். 6 மாதத்துக்கு ஒருமுறை, 5 வயது வரை. இதை விளக்கிச் சொல்லவும் அட்டையில் தேதி எழுதவும் எத்தனை பேருக்கு நேரமிருக்கிறது? நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

விதிவிலக்கு ஒன்று: தட்டம்மை. குழந்தைக்குத் தட்டம்மை வந்தால், போன மாதம்தான் டோஸ் கொடுத்தோமே என்று இருந்துவிடாதீர்கள். 1 வயது தாண்டிய குழந்தைக்கு 2 லட்சம் யூனிட், அடுத்தடுத்த 2 நாள் கொடுப்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தட்டம்மை இருப்பை வேகமாகக் கரைக்கும், கண்ணையும் பாதிக்கும். அதையும் மருத்துவர்தான் கொடுக்க வேண்டும், நீங்களாகக் கொடுக்கக் கூடாது.

சரி, இப்போது வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ் கரைசலும், மருத்துவர் சொல்லும் அளவில் 14 நாள் துத்தநாகமும் போதும். கீரையில் ஒரு ஸ்பூன் எண்ணெய் சேருங்கள். கொழுப்பு இல்லாமல் கரோட்டின் சரியாக உள்ளே போகாது.