பழைய பிக்கப்பின் எக்ஸிலேட்டர் கேபிளை நாமே மாற்றலாமா?

முல்லைத்தீவில் ஓடும் பழைய டீசல் ஹைலக்ஸில் பெடல் இறுகுகிறது, கேபிளை வீட்டிலேயே மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக மாற்றலாம். கேபிள் முனையில் உள்ள சிறு உலோகக் குண்டுக்குப் பக்கத்தில் கம்பி இழைகள் பிரிந்து ஊசிபோல் நீட்டிக்கொண்டிருந்தால் இனித் தள்ளிப்போடாதீர்கள். ஏ9 வீதியில் மாடு குறுக்கே வரும் நேரம் பெடல் மேலே வராவிட்டால் உயிருக்கே ஆபத்து.

எஞ்சின் ஆறியதும் டீசல் பம்பில் கேபிள் இழுக்கும் லீவரைக் கையால் திருப்பிக் குண்டை எடுங்கள். கேபிளைப் பிடித்திருக்கும் பிராக்கெட் நட்டுகளைத் தளர்த்தி, பெடல் பக்கமும் கழற்றுங்கள். புதியதைப் பழையதோடு நீளம் ஒத்துப் பார்த்து, மடிப்பு விழாமல், சைலன்சர் குழாயில் படாமல் அதே பாதையில் பூட்டுங்கள்.

அட்ஜஸ்ட்மென்டில்தான் விஷயமே இருக்கிறது. பெடலை விட்டால் கம்பியில் கொஞ்சம் தளர்வு வேண்டும். முழுக்க மிதித்தால் லீவர் கடைசிவரை போக வேண்டும். ஸ்டார்ட் பண்ணும் முன் அழுத்தி விட்டுப் பாருங்கள், லீவர் டக்கென்று திரும்ப வேண்டும். அப்புறம், உள்ளே பிளாஸ்டிக் குழாய் உள்ள கேபிளுக்கு எண்ணெய் விடாதீர்கள். நம் கிரவல் றோட்டுப் புழுதி அதில் ஒட்டி, திரும்பவும் இறுகிவிடும்.