பிரிங்கிங் அப் பேபி: கொண்டாடுகிறவர்களும் பாதியில் மூடியவர்களும்

கேள்வி: 1938ல் வந்த ‘பிரிங்கிங் அப் பேபி’ படத்தைச் சிலர் எல்லாக் காலத்துக்குமான காமெடி என்று கொண்டாடுகிறார்கள், சிலர் அரைமணி நேரம்கூடத் தாங்கவில்லை என்கிறார்கள். யாரை நம்புவது? பார்க்கலாமா?

நான் இரண்டு கட்சியிலும் இருந்தவன். முதல் தடவை ஹாஸ்டல் அறையில், லேப்டாப்பில், ஹெட்போன் மாட்டிக்கொண்டு தனியாகப் பார்த்தேன், நாற்பதாவது நிமிடத்தில் மூடிவிட்டேன். தலைவலி. இந்தப் பெண் வாயை மூடவே மாட்டாளா, அந்த மனுஷனை ஒரு வாக்கியமாவது முழுசாகப் பேச விடமாட்டாளா என்று எரிச்சலாக இருந்தது. அதனால் ‘தாங்கவில்லை’ என்கிறவர்களை எனக்கு நன்றாகவே புரியும், அவர்களை ரசனை கெட்டவர்கள் என்று சொல்கிற ஆட்களைத்தான் பிடிப்பதில்லை.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. கேரி கிரான்ட் அருங்காட்சியகத்தில் வேலை செய்யும் ஆராய்ச்சியாளர், பெயர் டேவிட். நாலு வருஷமாக பிரான்டோசாரஸ் என்ற டைனோசரின் எலும்புக்கூட்டைப் பொருத்திக்கொண்டிருக்கிறார், கடைசி எலும்பு ஒன்றுதான் பாக்கி. மறுநாள் கல்யாணம். அருங்காட்சியகத்துக்குப் பத்து லட்சம் டாலர் நன்கொடை வாங்க வக்கீல் ஒருவரைக் குளிர்விப்பதற்காக கோல்ஃப் ஆடப் போகிறார், அங்கே சூசன் என்ற பணக்காரப் பெண், அதாவது கேதரின் ஹெப்பர்ன், இவருடைய பந்தை எடுத்து ஆடுகிறாள், அப்புறம் இவருடைய காரையே எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள். அதற்குப் பிறகு டேவிட்டுக்கு நிம்மதி கிடையாது. அவள் வீட்டில் பேபி என்ற பெயரில் ஒரு சிறுத்தை இருக்கிறது, அண்ணன் பிரேசிலிலிருந்து அனுப்பியதாம் (பிரேசிலில் சிறுத்தையே கிடையாது, ஜாகுவார்தான் உண்டு, படத்தில் யாரும் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை). வந்து சேர்ந்த அந்த ஒற்றை எலும்பை ஒரு நாய் கவ்விக்கொண்டு போய் எங்கேயோ புதைத்துவிடுகிறது. அந்த எலும்புக்கு டேவிட் சொல்லும் பெயரில் ஓர் எலும்பு எந்தப் பிராணிக்கும் கிடையாது என்பது தனி வேடிக்கை.

இப்போது எதிர்க்கட்சி சொல்வது. ஒன்று, எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். இரண்டு, சூசன் செய்வதெல்லாம் அடாவடி. முதல் புகார் முழு உண்மை, இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸே அதற்கு மிக அருகில் வந்திருக்கிறார். படத்தில் சாதாரண மனிதர் ஒருவர்கூட இல்லாமல் எல்லோரையும் கிறுக்கர்களாக ஆக்கியதுதான் தன் தவறு என்று பின்னாளில் ஒரு பேட்டியில் ஒப்புக்கொண்டார். அத்தை, தோட்டக்காரர், மனநல மருத்துவர், போலீஸ்காரர் என்று ஒருத்தர் பாக்கியில்லை. 1938ல் பார்த்தவர்களுக்கும் இதே திணறல் இருந்திருக்க வேண்டும். பத்து லட்சம் டாலருக்கு மேல் செலவழித்துப் படத்தைத் தயாரித்த ஆர்.கே.ஓ. நிறுவனத்துக்குச் சுமார் மூன்றரை லட்சம் டாலர் கையைக் கடித்தது. அந்த மே மாதமே தியேட்டர் முதலாளிகள் சங்கம் ஒன்று, வசூலுக்கு விஷம் என்று சில நட்சத்திரங்களைப் பட்டியல் போட்டு விளம்பரம் கொடுத்தது, அதில் ஹெப்பர்ன் பெயரும் இருந்தது. அவர் பணம் கட்டி ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வெளியேறினார். பல வருஷம் கழித்து தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப ஓடித்தான் படத்துக்கு ஆள் சேர்ந்தது, 1990ல், பாதுகாக்க வேண்டிய படங்களைப் பட்டியலிடும் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் ஏறியது. ஆக, இன்றைக்கு உங்கள் நண்பர் ‘எனக்கு ஓடவில்லை’ என்றால், அவர் சொல்வதைப் படம் வெளியான வருஷத்திலேயே நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள்.

நான் கட்சி மாறியது அக்கா வீட்டில். ஒரு மழை நாள், கரன்ட் இருந்தது நெட் இல்லை, என் ஹார்ட் டிஸ்க்கில் குழந்தையோடு உட்கார்ந்து பார்க்கிற மாதிரி இருந்தது இது ஒன்றுதான். அக்கா மகளுக்கு அப்போது ஆறு வயது, அந்த வேக ஆங்கிலத்தில் ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது. ஹோட்டல் காட்சி வந்தது. சூசன் கோட்டைப் பிடித்து இழுக்க டேவிட்டின் கோட்டு முதுகில் கிழிகிறது, கோபத்தில் அவள் விறுவிறுவென்று நடக்கும்போது அவள் கவுனை இவர் மிதித்திருக்கிறார், பின்பக்கம் முழுவதும் பிய்ந்து வந்துவிடுகிறது. அவளுக்குத் தெரியவில்லை, இவருக்குத் தெரியும். தொப்பியை வைத்து மறைக்கிறார், அவள் திட்டுகிறாள், கடைசியில் விஷயம் புரிந்ததும் இவர் அவள் முதுகோடு ஒட்டிக்கொள்ள, இருவரும் ஒரே காலடியில் லெஃப்ட் ரைட் போட்டபடி ஹோட்டலை விட்டு வெளியேறுகிறார்கள். குழந்தை சோபாவிலிருந்து விழுந்து சிரித்தது, இன்னொரு தடவை போடச் சொன்னது, நாலு தடவை போட்டேன்.

அப்போதுதான் உறைத்தது, முதல் தடவை நான் படத்தைப் பார்க்கவே இல்லை, சப்டைட்டிலைப் படித்திருக்கிறேன். திரைக்கு அடியில் ஓடும் வரிகளைத் துரத்திக்கொண்டிருந்ததில் மேலே கிரான்டின் உடம்பு என்ன செய்கிறது என்பது கண்ணிலேயே படவில்லை. அந்த ஆள் சின்ன வயதில் இங்கிலாந்தில் ஒரு கழைக்கூத்துக் குழுவில் இருந்தவர், ஆலிவ் காய் மேல் கால் வைத்து வழுக்கித் தன் தொப்பி மேலேயே உட்காருவது அவருக்குத் தண்ணி பட்ட பாடு. வசனமும் அப்படித்தான். நம் சபா நாடகத்தில் சிரிப்பு அடங்கும்வரை நடிகர் நின்று காத்திருப்பார் இல்லையா, இங்கே ஒருவரும் நிற்பதில்லை. பாதி ஜோக் போனால் போகட்டும் என்று விட்டுவிடத் தெரிந்தவர்களுக்குத்தான் இந்தப் படம், ஒவ்வொரு வரியையும் பிடிக்கப் பார்த்தால் மூச்சு முட்டும்.

இரண்டாவது புகார் கொஞ்சம் கனமானது. ஆண் பெண்ணை இடம் மாற்றிப் பாருங்கள், ஓர் ஆள் இப்படி ஒரு பெண்ணைத் துரத்தினால், அவள் குளிக்கும்போது உடைகளை ஒளித்து வைத்தால் சிரிப்போமா என்று கேட்கிறார்கள். சிரிக்க மாட்டோம்தான். உடைகளை எடுக்கிற காட்சியில் எனக்கும் இப்போது ஒரு நெருடல் உண்டு. ஆனால் இதைச் சொல்கிறவர்கள் படத்தின் முதல் காட்சியை மறந்துவிடுகிறார்கள். டேவிட்டுக்கு நிச்சயமான மிஸ் ஸ்வாலோ, தேனிலவு கிடையாது, வேலைதான் முக்கியம் என்கிறாள், எலும்புக்கூட்டைக் காட்டி இதுதான் நம் குழந்தை என்கிறாள். அப்போது கிரான்டின் முகத்தைப் பாருங்கள், சிறைக்குள் போகப்போகிறவன் முகம். சூசன் வந்து கெடுத்தது நல்ல வாழ்க்கை ஒன்றையும் இல்லை. தவிர, நழுவிப் போக வாய்ப்பு இருக்கிற இடங்களில்கூட மனுஷன் முணுமுணுத்துக்கொண்டே அவள் பின்னால்தான் போகிறார், எலும்புக்காகத்தான் என்று தனக்கே சொல்லிக்கொள்கிறார். கடைசியில், அவளோடு அலைந்த அந்த நாள்தான் தன் வாழ்க்கையிலேயே சிறந்த நாள் என்று அவளிடம் ஒப்புக்கொள்கிறார். முதல் தடவை மூடிவிட்டதால் அந்த இடத்துக்கு நான் வந்து சேரவே இல்லை.

ஹெப்பர்னைப் பற்றி ஒன்று. அவருக்கு ஆரம்பத்தில் இந்த வகைக் காமெடி வரவில்லையாம், தன் ஜோக்குக்குத் தானே சிரித்தபடி நடித்திருக்கிறார். ஹாக்ஸ், வால்டர் கேட்லட் என்ற பழைய மேடை நகைச்சுவை நடிகரைக் கூப்பிட்டு, முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு எப்படிச் செய்வது என்று காட்டச் சொன்னார். அந்த கேட்லட்தான் பிற்பாதியில் போலீஸ்காரராக வந்து திணறுகிறவர். சூசனுக்குத் தான் வேடிக்கையானவள் என்று தெரியவே தெரியாது, அவள் மனசில் எல்லாம் முறையாகத்தான் நடந்துகொண்டிருக்கிறது. இது பிடிபட்டுவிட்டால் அவள் மேல் கோபம் வருவது கஷ்டம், எனக்கு வரவில்லை, அக்காவுக்கு வந்தது. கடைசிவரை உட்கார்ந்து பார்த்துவிட்டு ‘இவளைக் கட்டிக்கிட்டு அந்தாளு என்ன பாடுபடப் போறானோ’ என்றுதான் எழுந்து போனாள்.

பிடிக்காத இடம் எனக்கும் உண்டு. இரவில் காட்டுக்குள் தேடி அலைகிற பகுதி நீளம், ஒரே இருட்டு, சத்தம் வேறு. 102 நிமிடப் படத்தில் கால் மணி நேரத்தை அங்கேயே வெட்டியிருக்கலாம்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது: தனியாகப் பார்க்காதீர்கள், சப்டைட்டில் இருக்கட்டும் ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள். அந்த ஹோட்டல் நடை படத்தின் தொடக்கத்திலேயே வந்துவிடும். அதற்குச் சிரிப்பு வரவில்லை என்றால் தயங்காமல் மூடிவிடுங்கள், இதற்குமேல் வரப்போவதும் அதே ரகம்தான். சிரிப்பு வந்தால் உட்காருங்கள், காட்டுக் காட்சி ஆரம்பித்ததும் எழுந்து டீ போட்டுக்கொண்டு வரலாம், திரும்பி வரும்போதும் எலும்பு கிடைத்திருக்காது.