கணினிக் கேள்வி பதில்: விண்டோஸ் 11-க்கும் எக்ஸ்பிக்கும் இடையே கோப்புகள்

கேள்வி: எங்கள் அச்சகத்தில் இருபது ஆண்டுகளுக்கு முன் பேஜ்மேக்கர் 7-இல் வடிவமைத்த புத்தகங்கள் ஏராளமாக உள்ளன. மறுபதிப்புக்காக அவற்றைத் திறப்பதற்கு, விண்டோஸ் 11 கணினியில், கணினிக்குள் இன்னொரு கணினியை இயக்க உதவும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளை நிறுவி, அதற்குள் விண்டோஸ் எக்ஸ்பியை இயக்குகிறேன். விண்டோஸ் 11-இல் பகிர்ந்துள்ள கோப்புறையை எக்ஸ்பியிலிருந்து நெட்வொர்க் வழியாகத் திறக்க முயன்றால் பிழைச்செய்திதான் வருகிறது. எஸ்எம்பி 1 வசதியை இயக்கினால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். இயக்கலாமா?

பதில்: வேண்டாம். நண்பர் கண்டறிந்த காரணம் சரியானதே. கோப்புகளைப் பகிர எக்ஸ்பிக்குத் தெரிந்த மொழி எஸ்எம்பி 1 மட்டும்தான். எஸ்எம்பி 2, எக்ஸ்பிக்கு அடுத்த விண்டோஸான விஸ்டாவுடன்தான் வந்தது. ஆனால் 2017 மே மாதம் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை, அந்த எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாகவே கணினிக்குக் கணினி தாவியது. அதே ஆண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து எஸ்எம்பி 1 இயல்பாக நிறுவப்படுவதில்லை. ஒரு பழைய மென்பொருளுக்காக, அச்சகத்தின் கணக்கும் வாடிக்கையாளர் கோப்புகளும் இருக்கும் கணினியில் அதை மீண்டும் திறந்துவிடுவது, எந்த அவசரத்திலும் செய்யக்கூடாத காரியம்.

நெட்வொர்க்கே தேவைப்படாத வழி விர்ச்சுவல்பாக்ஸிலேயே இருக்கிறது. எக்ஸ்பி ஓடிக்கொண்டிருக்கும்போது டிவைசஸ் மெனுவிலிருந்து கெஸ்ட் அடிஷன்ஸ் என்ற துணை மென்பொருளின் சிடியைச் செருகி நிறுவிவிட்டு, மெஷின் செட்டிங்ஸில் ஷேர்டு ஃபோல்டர்ஸ் பகுதியில் ஒரு கோப்புறையைச் சேர்த்து ஆட்டோ மவுன்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். எக்ஸ்பியை மறுபடி தொடங்கினால், மை கம்ப்யூட்டரில் அது ஒரு டிரைவாக நிற்கும். இதன்பின் எக்ஸ்பியின் நெட்வொர்க் அடாப்டரையே அணைத்துவிடலாம். 2014 ஏப்ரலோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நிறுத்தப்பட்ட ஓர் இயங்குதளத்துக்கு இணையம் எதற்கு?

சி டிரைவ் முழுவதையும் பகிர்ந்துவிடாதீர்கள். எக்ஸ்பிக்குள் வைரஸ் இருந்தால், பகிர்ந்த கோப்புறையில் அதனால் எழுத முடியும். ஆகவே இரண்டு கோப்புறைகள் வைத்துக்கொள்ளுங்கள்: உள்ளே அனுப்புவதற்கு ரீட் ஒன்லி எனக் குறித்த ஒன்று, வெளியே எடுப்பதற்கு இன்னொன்று. ஒரு புத்தகத்தின் கோப்பையும் அதில் இணைத்த படங்களையும் சேர்த்து எக்ஸ்பியின் சொந்த டிஸ்க்கில் நகலெடுத்து, அங்கிருந்தே திறந்து வேலை செய்வது நல்லது.

தமிழில் வேலை செய்பவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுக் குறியீடு யூனிகோடு; பேஜ்மேக்கர் அதை அறியாத மென்பொருள். ‘அட்டைப்படம்’ என்று விண்டோஸ் 11-இல் நீங்கள் தமிழில் பெயரிட்ட கோப்பின் பெயர், பேஜ்மேக்கரின் கைக்குப் போகும்போது வெறும் கேள்விக்குறிகளாகிவிடும்; திறக்காது. கோப்பு கெட்டுவிட்டதோ என்று பதற வேண்டியதில்லை. உள்ளே அனுப்பும் முன்பே, கோப்புறைகளுக்கும் சேர்த்து, ஆங்கில எழுத்துகளும் எண்களும் மட்டுமே கொண்ட பெயர் வையுங்கள்.

கேள்வி: விர்ச்சுவல்பாக்ஸில் நான் இயக்குவது விண்டோஸ் 98. இதே வழி அதற்கும் பொருந்துமா?

பதில்: பொருந்தாது. விண்டோஸ் 98-க்குக் கெஸ்ட் அடிஷன்ஸ் கிடையாது. உள்ளே அனுப்ப வேண்டியவற்றை ஒரு ஐஎஸ்ஓ கோப்பாக்கி (ஒரு சிடியின் உள்ளடக்கம் முழுவதும் அடங்கிய ஒரே கோப்பு), மெய்நிகர் சிடி டிரைவில் செருகுங்கள்; 98 அதை உண்மையான சிடியாகவே படிக்கும். வெளியே எடுக்க, 98-ஐ முறையாக ஷட்டவுன் செய்துவிட்டு, அதன் டிஸ்க் கோப்பை மேலே சொன்ன எக்ஸ்பியில் இரண்டாவது ஹார்டு டிஸ்க்காக இணையுங்கள். ஃபேட் 32 என்ற கோப்பு முறையில் அமைந்த 98-இன் டிஸ்க்கை எக்ஸ்பி தடையின்றிப் படிக்கும். அங்கிருந்து பகிர்ந்த கோப்புறைக்கு நகலெடுத்துக்கொள்ளலாம். மீண்டும் 98-ஐத் தொடங்கும் முன் எக்ஸ்பியை நிறுத்தி, அந்த டிஸ்க்கைக் கழற்றிவிட மறவாதீர்கள்.