வீடு வீடாகப் போனவர்

அன்புள்ள ஐயா,
அமெரிக்க இயக்குநர் ஆஸ்கர் மிஷோவின் ‘விதின் அவர் கேட்ஸ்’ படம் பார்த்தேன். எடிட்டிங் முரடு, நடிப்பு நாடகத்தனம். ஆரம்பகாலக் கறுப்பின இயக்குநர் என்பதைத் தாண்டி அவரைக் கொண்டாட என்ன இருக்கிறது? திரைக்கதையோடு மூன்று வருடமாகத் தயாரிப்பாளருக்காகக் காத்திருக்கிறேன், அந்த அலுப்பில் கேட்கிறேன்.
எஸ்.

அன்புள்ள எஸ்.,

நானும் ஒரு வாரமாக மிஷோவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், அதனால் உங்கள் கடிதம் கோபத்தைக் கிளப்பியது. நாடகத்தனத்தை விடுங்கள், 1920-இன் மௌனப்படங்கள் பலவும் அப்படித்தான். எடிட்டிங்? வெள்ளைக் கும்பல் ஒரு கறுப்பினக் குடும்பத்தைத் தூக்கில் போடும் காட்சி கலவரத்தைக் கிளப்பும் என்று சிகாகோவில் தணிக்கைக்காரர்கள் படத்தை வெட்டினார்கள். பிறகு படமே தொலைந்து, ஸ்பெயினில் ‘லா நெக்ரா’ என்ற பெயரில் கிடைத்த பிரதியை வைத்து 1993-இல் மீட்டார்கள். நடுவில் ஒரு காட்சி காணாமலே போய்விட்டது, வசனம் காட்டும் டைட்டில் கார்டுகளில் பெரும்பாலானவை ஸ்பானியத்திலிருந்து திரும்ப எழுதியவை. யார் வெட்டியதற்கு யாரைக் குறை சொல்கிறீர்கள்?

சரி, இந்தக் காத்திருப்பைப் பற்றிப் பேசுவோம். மிஷோவின் அப்பா அடிமையாகப் பிறந்தவர். மகன் புல்மன் கம்பெனியின் படுக்கை ரயில்பெட்டிகளில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் தெற்கு டகோட்டாவில் நிலம் வாங்கி உழுதார், வறட்சியில் நொடித்தார், அந்தக் கதையை 1913-இல் சொந்தச் செலவில் புத்தகமாக்கி வெள்ளைக்கார விவசாயிகளின் கதவைத் தட்டி விற்றார். அடுத்து எழுதிய ‘தி ஹோம்ஸ்டெடர்’ நாவலை லிங்கன் என்ற படக் கம்பெனி படமாக்கக் கேட்டது. நானே இயக்குவேன் என்றார், ஒத்துவரவில்லை. விவசாயிகளிடமே பங்கு விற்று 1919-இல் எட்டு ரீல் படத்தை வெளியிட்டுவிட்டார்! இன்று அதன் பிரதி ஒன்றுகூட இல்லை. 1928-இல் திவாலானார், 1931-இல் பேசும்படம் எடுத்தார். மூன்று வருடத்தில் உங்கள் கதையைப் பக்கத்து வீட்டுக்காரருக்காவது படித்துக் காட்டினீர்களா?

என் முதல் தொகுப்பு ஐந்நூறு பிரதி, ஒரு வருடம் கட்டிலுக்கடியில் கிடந்தது. தேடி வந்து கேட்பார்கள் என்று இருந்தேன். ஒருநாள் அம்மா பத்துப் பிரதியை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு போய் ரேஷன் கடை வரிசையில் விற்றுவிட்டு வந்தாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. “எம்மவன் எழுதுனது” என்று மட்டும் சொன்னாளாம். மானம் போனதுபோல இருந்தது, அவளைத் திட்டிவிட்டேன். ஒன்பது பிரதி விற்ற காசை முந்தானையிலிருந்து அவிழ்த்து என் மேஜையில் வைத்துவிட்டு, மீதி ஒன்றைத் தன் டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டாள். மிஷோவைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பைதான் கண்ணில் நிற்கிறது.

திரைக்கதையை அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை படித்துவிடுகிறேன்.