வேலூர்க் கோட்டையை மொபைலில் எடுத்தால் படம் தட்டையாக வருகிறதே, ஏன்?

மொபைல் மேல் குறை இல்லை, நேரம்தான் காரணம். நடுப்பகல் வெயிலில் வேலூர்க் கருங்கல் வெளிறித்தான் தெரியும்.

காலையில் போங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான், ஆனால் எந்தச் சுவர் என்பதும் முக்கியம். கிழக்குச் சுவரில் காலை வெயில் நேராக விழும். நிறம் பொன்னாக இருக்கும், மேடுபள்ளம் தெரியாது. மார்கழி, தை மாதங்களில் சூரியன் தென்கிழக்கே எழுவதால், தெற்குச் சுவரை வெயில் பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகும். கல்லுக்குக் கல் இருக்கும் இடுக்கில் நிழல் விழுந்து, ஒவ்வொரு கல்லும் தனியாக எழுந்து நிற்கும். எனக்குப் பிடித்தது இதுதான்.

அகழியில் பிம்பம் வேண்டுமானால் காற்று எழும்புவதற்கு முன் எடுத்துவிடுங்கள். கரையில் குந்தி, போனைத் தலைகீழாகப் பிடியுங்கள். லென்ஸ் தண்ணீருக்கு இன்னும் நெருக்கமாக வரும். படத்தை மூன்றாகப் பிரித்து, முக்கியமானதை அந்தக் கோடுகளில் வைக்கச் சொல்லும் மூன்றில் ஒரு பங்கு விதியை இங்கே மறந்துவிடலாம், சுவரும் பிம்பமும் சரிபாதியாக இருந்தாலே அழகு.

அப்புறம், வீட்டு ஆட்களை எடுப்பதென்றால் வெட்டவெளியில் நிறுத்திக் கண்ணைச் சுருக்க வைக்காதீர்கள். நுழைவாயில் நிழலுக்குள் ஓரடி தள்ளி, வெளிச்சத்தைப் பார்த்தபடி நிற்கச் சொல்லுங்கள்.