சுற்றுச்சூழலையும் அரசியலையும் பிரிக்க முடியுமா?

கட்சியை வேண்டுமானால் ஒதுக்கி வைக்கலாம். அரசியலை ஒதுக்க முடியாது.

எங்கள் மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டியையே பாருங்கள். பாறையில் சமணத் துறவிகளின் கல்படுக்கை, தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்து, குடைவரைக் கோயில். மேலே வல்லூறு வட்டமிடும்; கீழே மலைத் தண்ணீரை நம்பிய வயல்கள். 2022இல் மாநில அரசு அதைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது, தமிழ்நாட்டிலேயே முதலாவது. 2024 நவம்பரில் அந்த இடமும் சேர்ந்த பகுதியை டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டது ஒன்றிய அரசு. காப்பதும் தோண்டுவதும், இரண்டுமே அரசு எடுத்த முடிவுதானே!

மரம் நட்டு மட்டும் இதைத் தடுத்திருக்க முடியுமா? கிராமசபைகளில் தீர்மானம் போட்டார்கள். அப்புறம் 2025 ஜனவரி 7இல் மதுரைக்குத் திரண்டு பேரணி வந்தார்கள். 23ஆம் தேதி ஏலம் ரத்தானது.