துணியில் தொடங்கிய பல்கலைக்கழகம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வெளிநாட்டு மேற்படிப்பு பற்றிய கட்டுரையில் ஜப்பானின் கியோட்டோ இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியை ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். வேதியியல் பிடிக்கும், எந்நேரமும் எதையாவது வரைந்துகொண்டும் இருப்பாள். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு தேடிப் பார்த்திருக்கிறாள். எனக்குத்தான் ஒன்றும் பிடிபடவில்லை. ஒரே இடத்தில் பாலிமர், கட்டடக்கலை, இயந்திரவியல், டிசைன், போதாததற்கு ஈ வளர்க்கும் மையம் வேறு. நான் நூற்பாலையில் பராமரிப்புப் பிரிவில் இருப்பவன். டிசைன் என்பது எல்லாம் முடிந்தபின் வருவது என்றே பழக்கம். மோஸ்தருக்காக ஒட்டவைத்த துறையா இது?

கண்ணன், கோவை

அன்புள்ள கண்ணன்,

இல்லை. அங்கே டிசைன் முதல் நாளிலிருந்தே இருக்கிறது. இந்தப் பல்கலைக்கழகத்தின் மூலவேர்களில் ஒன்றான கியோட்டோ உயர்தொழிற்கலைப் பள்ளி 1902-இல் திறக்கப்பட்டபோது அதில் இருந்தவை மூன்றே துறைகள்: சாயமேற்றல், நெசவு, வடிவமைப்பு. அந்தப் பள்ளியின் மற்ற துறைகளெல்லாம் பின்னால் வந்து சேர்ந்தவை.

ஏன் இந்த மூன்று? அதுவரை கியோட்டோவில் இருந்த பேரரசர் 1869-இல் டோக்கியோவுக்குப் போய்விட்டார். அரண்மனையை நம்பியிருந்த, கியோட்டோவின் பட்டு நெசவுப் பகுதியான நிஷிஜினின் நெசவாளர்களின் பிழைப்பில் மண் விழுந்தது. 1872-இல் மூன்று பேர் பிரான்ஸின் லியோன் நகருக்குத் தொழில் கற்க அனுப்பப்பட்டார்கள். இருவர், துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பூவேலை நெய்யும் ஜக்கார்டு தறியோடு திரும்பினார்கள். மூன்றாமவர் யோஷிடா சூஷிச்சி, 1874-இல் ஊர் திரும்பும்போது, ஜப்பான் கரைக்கு அருகிலேயே கப்பல் மூழ்கி இறந்தார்.

தறி வந்தால் மட்டும் போதுமா? உங்களுக்கு இது தெரிந்திருக்கும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஜக்கார்டில் நெய்யவேண்டிய பூவை முதலில் கட்டம்போட்ட தாளில் வரைகிறார்கள். பாவும் (நீளவாக்கு நூல்) ஊடையும் (குறுக்கு நூல்) சந்திக்கும் இடத்துக்கு ஒரு கட்டம். கட்டங்களின் வரிசையைப் பார்த்து அட்டையில் துளையிடுகிறார்கள். துளை இருந்தால் பாவு நூல் மேலெழும், இல்லாவிட்டால் கீழேயே நிற்கும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பாவின் நெருக்கமும் ஊடையின் நெருக்கமும் ஒன்றாக இல்லையென்றால் தாளின் கட்டமும் அந்த விகிதத்துக்கு ஏற்ப நீண்டிருக்க வேண்டும். சதுரக் கட்டத்திலேயே வரைந்துவிட்டால், தாளில் வட்டமாக இருந்த பூ தறியில் முட்டையாக வந்து நிற்கும், குத்திய அட்டை அத்தனையும் வீண். தறியின் கணக்கு தெரியாத ஓவியரால் அங்கே பயனில்லை. கடைசியில் வருவது என்றீர்களே, ஜக்கார்டில் முதல் ஊடை ஓடுவதற்கு முன்பே டிசைன் முடிந்திருக்க வேண்டும். அப்புறம் சாயம். பட்டு ஒரு புரதம். எந்தச் செயற்கைச் சாயம் அதில் ஏறும், எது அலசலில் போய்விடும் என்பதற்கு வேதியியல்தான் பதில் சொல்லவேண்டும்.

பள்ளியின் முதல் தலைவர் நகசாவா இவாத்தா ஒரு வேதியியலாளர். பாரிஸில் இருந்த எண்ணெய் வண்ண ஓவியர் அசாய் சூவை வடிவமைப்பு கற்பிக்க அழைத்துவந்தவர் அவர்தான். 1900 பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஐரோப்பியர் செய்துவைத்திருந்த புதுப்பாணிப் பொருட்களுக்கு முன்னால் ஜப்பானியக் கைவினை பழசாகத் தெரிந்ததை அசாய் கண்ணால் பார்த்தவர். கியோட்டோவுக்கு வந்தபின் குயவர்களுக்கும் அரக்கு வேலைக்காரர்களுக்கும் மாதிரிகள் வரைந்து கொடுத்தார். 1907-இல் இறந்துவிட்டார். கற்பித்தது ஐந்தே வருடம். கட்டடக் கலைஞர் தக்கேதா கோய்ச்சியும் அதே காலத்து ஆசிரியர். பாடம் நடத்துவதற்காக அன்று ஐரோப்பாவிலிருந்து வாங்கிவந்த சுவரொட்டிகளும் கைவினைப் பொருட்களும் பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகத்தில் இப்போதும் இருக்கின்றன. உங்கள் மகளுக்கு நான் முதலில் காட்ட விரும்புவது அவற்றைத்தான்.

ஈக்குப் பின்னாலும் பட்டுதான் இருக்கிறது. 1899-இல் தொடங்கிய பட்டுப்புழு வளர்ப்புப் பயிற்சிக்கூடம் இன்னொரு மூலவேர். 1949-இல் இரண்டும் சேர்ந்து பல்கலைக்கழகம் ஆயின. புழுவின் நோயையும் இனக்கலப்பையும் ஆராய்ந்த மரபில்தான் பூச்சி மரபியல் வளர்ந்தது. நீங்கள் சொன்ன ஈ மையம் பல்கலைக்கழகத்தின் சாகா வளாகத்தில் இருக்கிறது; அது 20,000-க்கும் மேற்பட்ட பழ ஈ இனவழிகளை (தலைமுறைதோறும் தனித்தனியாக வளர்க்கப்படும் மரபு வகைகளை) உயிரோடு பராமரித்து ஆய்வகங்களுக்கு அனுப்புகிறது. இழைப் பக்கம் பார்த்தால், 1938-இல் அறிவிக்கப்பட்ட பாலிமர் இழையான நைலான் விரைவிலேயே காலுறைச் சந்தையைப் பட்டிடமிருந்து பறித்துக்கொண்டது. இழையைப் படித்தவர்கள் பாலிமருக்குப் போகாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். தொழிற்கலைப் புலமும் இழைப் புலமும் 2006 வரை தனித்தனியாகவே இருந்தன. நீங்கள் சொல்லும் ‘மோஸ்தர்’ வாசனை அவர்களுடைய இன்றைய விளம்பர வாசகங்களில் எனக்கும் அடிக்கிறது.

ஒரு கொள்கைக்காகவே நிறுவப்பட்ட பல்கலைக்கழகமும் ஜப்பானில் இருந்தது. கியூஷு இன்ஸ்டிடியூட் ஆஃப் டிசைன், 1968-இல் ஃபுக்குவோக்காவில், ‘தொழில்நுட்பத்தை மனிதமயமாக்குதல்’ என்ற முழக்கத்தோடு வந்தது. ஒலி வடிவமைப்புக்கே அங்கு தனித்துறை. 2003-இல் அது கியூஷு பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. மகளுக்கு இசையிலும் நாட்டம் இருந்தால் அந்தப் பக்கமும் பார்க்கச் சொல்லுங்கள்.

கியோட்டோவில் இளநிலைப் படிப்பு ஜப்பானிய மொழியில்தான். முதுநிலையில் ஆங்கிலவழிச் சேர்க்கை உண்டு. பள்ளி முடித்ததுமே போகவேண்டும் என்றால் ஜப்பானியக் கல்வி அமைச்சகத்தின் உதவித்தொகைக்குத் தூதரகம் வழியாக விண்ணப்பிக்கலாம். முதல் ஒரு வருடம் மொழிப் பயிற்சிக்கே போகும். எந்தப் பல்கலைக்கழகம் என்பதை அமைச்சகம்தான் முடிவு செய்யும், நாம் கேட்டது கிடைக்கும் என்று உறுதியில்லை. அதனால் இளநிலையை இங்கேயே வேதியியலிலோ ஜவுளித் தொழில்நுட்பத்திலோ முடித்துவிட்டு முதுநிலைக்குப் போவதே நல்லது என்பேன்.